கற்பள்ளிக்கூடத்தை இடிக்க முன் ஒருக்கால் சுரண்டிப் பாருங்கள்

"சேர், சுவரெல்லாம் உவர் பூத்துக் கொட்டுது. பிள்ளைகளை இருத்தப் பயமா இருக்கு. இடிச்சுத்தான் ஆகணும் எண்டு ஒரு கடிதம் தாங்கோ."

திருகோணமலை நகரில், கடலுக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையின் அதிபர் மாசி மாதத்தில் என்னிடம் இப்படிக் கேட்டார். போய்ப் பார்த்தேன். இரண்டடித் தடிப்பில் கருங்கல்லும் கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லும் (பவளக்கல்) சேர்த்து சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர். மேலே பலகைத் தளம், அதற்கு மேல் ஓட்டுக்கூரை. வெளிப்புறம் முழுக்கச் சீமெந்துப் பூச்சு. பழைய மாணவர்கள் காசு சேர்த்து, பாசத்தோடு பூசிக் கொடுத்தது.

கேடு அந்தப் பூச்சில்தான் இருந்தது.

தட்டினால் மேளம்போல் ஒலித்த இடத்தில் திருப்புளியை விட்டு நெம்பினேன். உள்ளங்கை அகலத் துண்டொன்று கழன்றது. பின்னால் பஞ்சுபோல் வெள்ளை உப்பு. அதன் கீழ் சுண்ணாம்பு ஈரமணலாய் உதிர்ந்தது. ஆனால் உள்ளே, சீமெந்து படாத சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சை நகத்தால் கீறக்கூட முடியவில்லை.

இந்தச் சுவர்களுக்கு அத்திவாரத்தில் ஈரத்தடுப்பு கிடையாது. நிலத்து ஈரம் ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே ஆவியாக விட்டுவிடும். சீமெந்து அந்த வழியை அடைக்கிறது. ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறி, பூச்சுக்குப் பின்னால் உப்பாக உறைந்து, சாந்தை வெடிக்கச் செய்கிறது. கழுவாத கடல்மணலில் பூசியிருந்தால் உப்பை நாங்களே சுவருக்குள் வைத்ததாகிவிடும்.

இந்த ஊரில் ஒரே கல் பல தடவை வேலை செய்திருக்கிறது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கோட்டைக்குப் போட்டார்கள். கயல் பொறித்த கல் இன்றும் பிரெட்றிக் கோட்டை வாசலில் நிற்கிறது. பிறகு பள்ளிக்கூடங்கள் எழுந்தன: 1867இல் புனித சூசையப்பர் கல்லூரி, 1897இல் இந்துக் கல்லூரி. 1945இல் இலவசக் கல்வி, 1960இல் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற சட்டம் என்று வரவர, பிள்ளைகள் பெருகினார்கள். கட்டிடமென்றால் சீமெந்து என்றாயிற்று. சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த மேசன்மார் அருகிப்போனார்கள். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

இடிக்கும் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. முதலில் கூரைக்கு ஏறினோம். பீலி முழுக்க வேப்பஞ்சருகு. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை மழை சுவரின் தலைக்குள் இறங்கியிருக்கிறது. முதிரைக் கைமரங்களில் இரண்டின் நுனிதான் உக்கியிருந்தது. கூரையையும் வடிகாலையும் சரிசெய்யாமல் சுவரில் கைவைத்தால் காசு வீண்.

பிறகு சீமெந்தை உளியால் பதமாகக் கழற்றி, சுவரைச் சில மாதம் வெறுமனே உலர விட வேண்டும். முருகைக்கல் உடைப்பதும் கரையோரச் சூளையும் சட்டவிரோதம். அது நல்ல சட்டம். மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பை வாங்கி, நீற்றி, ஊறவிட்டுப் பயன்படுத்தலாம். கச்சான் காற்றில் பூச்சு அவசரமாய்க் காய்ந்து வெடிக்கும். அதனால் நனைத்த சாக்கு தொங்கவிட ஓர் ஆள் வேண்டும்.

கையை வைக்க முன் தொல்லியல் திணைக்களத்திடம் கேளுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டிடமென்றால் தொல்பொருட் சட்டம் பொருந்தும். பிந்தியதையும் வர்த்தமானி மூலம் பாதுகாக்க இடமுண்டு.

மேல்மாடியை நூலகமாக்க அதிபருக்கு ஆசை. வகுப்பறைத் தளத்துக்கு நாம் கணக்கிடுவது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 300 கிலோ. இரண்டு மீற்றர் உயரத்துக்கு அடுக்கிய புத்தகம் 480 கிலோவைத் தொடும். ஆகவே புத்தகம் கீழே, சங்கீத வகுப்பு மேலே. அலுமாரிகளை வெளிச்சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். கீழ்த்தளத்துக்கு மினுங்கும் தரை ஓடு (டைல்ஸ்) பதிக்க வேண்டாம். தரையில் அடைபட்ட ஈரமும் சுவருக்குத்தான் போகும். கதவுக்கு மேலுள்ள காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள்.

யன்னலோரத்தில் பிளேட்டால் ஒரு சிறு சதுரம் சுரண்டினேன். வெள்ளை, மஞ்சள், மறுபடி வெள்ளை, நீலம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் பழைய சுண்ணாம்பு அடிப்புகள். அந்தச் சதுரத்தை மட்டும் பூசாமல் விடச் சொல்லியிருக்கிறேன். அதிபர் அதற்கு ஒரு கண்ணாடி போடுவதாகச் சொன்னார். கண்ணாடியும் வேண்டாம், காற்றுப் படட்டும் என்றேன்.