கடனட்டையில் போன பணம் திரும்பி வரும் வழி

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கடையில் குளிர்சாதனப்பெட்டி வாங்குகிறீர்கள். அட்டையைச் செருகி இரகசிய இலக்கத்தை அழுத்தியதும் இயந்திரம் பற்றுச்சீட்டைத் துப்புகிறது. பணம் கடைக்காரரிடம் போய்விட்டது என்றுதான் நினைப்போம். அந்த நொடியில் ஒரு சதம்கூட நகரவில்லை.

கடையின் இயந்திரம் கடைக்காரரின் வங்கியிடம் கேட்கிறது. அந்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்ட் வலையமைப்பு வழியாக, உங்களுக்கு அட்டை தந்த வங்கியைக் கேட்கிறது. உங்கள் வங்கி கடன் எல்லையைப் பார்த்து, அந்தத் தொகையை ஒதுக்கிவைத்து, சம்மதம் சொல்கிறது. இவ்வளவும் சில விநாடிகளில் முடிகிறது. வங்கிகள் தமக்குள் கணக்குத் தீர்ப்பது அதன் பிறகுதான், வழக்கமாக ஓரிரு நாட்களில். கடைக்காரருக்குத் தரகு கழித்த மீதி கிடைக்கும். (அந்தத் தரகை வாடிக்கையாளர் தலையில் கட்டும் கடைகளும் இருக்கின்றன. அது கடைக்காரர் தம் வங்கியுடன் செய்த உடன்படிக்கைக்கு முரணானது.)

பெட்டி குளிரவில்லை, கடைக்காரர் கையை விரிக்கிறார் என்றால், பணம் வந்த அதே பாதையில் அதைத் திருப்பி இழுக்கலாம். இதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். உங்கள் வங்கி வலையமைப்பு வழியாகக் கடையின் வங்கியிடம் தொகையைக் கோரும். அந்த வங்கி கடைக்காரரின் கணக்கில் கை வைக்கும். கடைக்காரர் ஆதாரம் காட்டி மறுக்கலாம். இரு வங்கிகளும் விட்டுக்கொடுக்காவிட்டால் வலையமைப்பே தீர்ப்புச் சொல்லும். கடை இதற்குள் மூடப்பட்டுவிட்டால்? ஒரு வியாபாரியை வலையமைப்புக்குள் அழைத்து வந்த வங்கியே அவருக்குப் பொறுப்பு. ஆகவே நட்டம் அந்த வங்கியுடையது. புதிய வியாபாரிக்கு அட்டை இயந்திரம் கொடுக்க வங்கிகள் அத்தனை கேள்வி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலர் சறுக்குவது முறைப்பாட்டின் வகையில். விசா தன் பிணக்குகளை நான்காகப் பிரிக்கிறது: மோசடி (உங்கள் அட்டையை வேறொருவர் பயன்படுத்துவது), அனுமதிக் கோளாறு, செயலாக்கப் பிழை, நுகர்வோர் பிணக்கு. கோபத்தில் “என்னை ஏமாற்றிவிட்டார்கள்” என்று சொல்லி மோசடி என்ற வகைக்குள் விழுந்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். காரணம் அட்டையின் சிப். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் அது புதிதாக ஒரு மறைகுறியை உருவாக்குகிறது. அட்டை கடையில் இருந்தது, இலக்கம் சரியாக அழுத்தப்பட்டது என்பதற்கு அது வலுவான சாட்சி. ஆனால் பெட்டி குளிர்ந்ததா என்பதைப் பற்றிச் சிப்புக்கு ஒன்றும் தெரியாது. நுகர்வோர் பிணக்கில் “பழுதான பொருள்” என்ற தலைப்பில் போனால் அந்தச் சாட்சி உங்களுக்கு எதிராக நிற்காது. மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் இந்தத் தலைப்பில் சேராது.

பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. கடைக்காரரிடம் பொருளைத் திருப்பிக் கொடுத்தீர்கள், அல்லது கொடுக்க முயன்றீர்கள் என்பதையும் காட்ட வேண்டும். தொலைபேசியில் சண்டை பிடித்தது கணக்கில் வராது. குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும்தான் ஆதாரம். திருகோணமலையில் இதற்கு மேலும் ஒரு தொல்லை இருக்கிறது. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ வீடு என்றால், “கடற்காற்றில் துருப்பிடித்திருக்கும்” என்று கடைக்காரர் சொல்ல இடமுண்டு. அது வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது: காற்றிலுள்ள உப்பின் குளோரைடு உலோகத்தின் பாதுகாப்புப் படலத்தைக் குலைப்பது உண்மை. வாங்கும்போதே இருந்த பழுதா, பிறகு வந்ததா என்பதைத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கைதான் பிரித்துக் காட்டும். பெட்டி வந்திறங்கிய அன்றே எடுத்த புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது.

சார்ஜ்பேக் சட்டம் அல்ல, வலையமைப்பின் விதி. பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையான பொருளுக்குக் கடனட்டை நிறுவனத்தையும் விற்பனையாளருடன் சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. அங்குள்ள உறவினர் சொல்லும் “பிரிவு 75” இதுதான். இங்குள்ள வங்கியிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. பற்று அட்டைக்கும் சார்ஜ்பேக் உண்டு, ஆனால் அதில் விசாரணை முடியும்வரை வெளியே நிற்பது உங்கள் சொந்தப் பணம். “கணக்குக்கு நேராகப் போடுங்கள், ஐயாயிரம் குறைக்கிறேன்” என்று கடைக்காரர் சொன்னால், அந்த ஐயாயிரத்துக்கு நீங்கள் விற்பது இந்தத் திரும்பும் பாதையை. வங்கிக் கணக்கு மாற்றத்தில் அப்படி ஒன்று இல்லை.

வங்கியை நாடுவதோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி எழுத்துமூல முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போய்ச்சேர வேண்டும். வங்கியின் 120 நாளை நம்பிக் காத்திருந்தால் அந்தக் கதவு முதலில் மூடிவிடும்.