அழுத்தமா, அமுக்கமா?

"சூடாக்கினா வாயு அமுங்கிடும்." அறிவியல் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி என்னிடம் சொன்ன விளக்கம் இது. காணொளியில் வந்ததோ 'வெப்பநிலை ஏற ஏற வாயுவின் அமுக்கம் கூடும்' என்ற வரி. அவள்மேல் தப்பே இல்லை. அமுக்கம் கூடினால் அமுங்கத்தானே வேண்டும்? இதே வரியை வெவ்வேறு குரல்களில் நாலைந்து தடவை நானும் கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

பிரஷர் (pressure) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் அங்கே அமுக்கம் என்று தமிழாக்கியிருந்தார்கள். அந்தச் சொல்லின் வேர், லத்தீனில் அழுத்துதலைக் குறிக்கும் 'பிரெமெரே'. ஒரு பரப்பில் செங்குத்தாக விழும் விசையைப் பரப்பளவால் வகுத்தால் வருவதுதான் பிரஷர். அலகு பாஸ்கல், கடல்மட்டத்தில் காற்றுக்கு 1,01,325 பாஸ்கல். வேர்க்கதை இவ்வளவுதான்.

வம்பு தமிழில்தான். அழுந்து, அழுத்து, அழுத்தம் என்று ஒரு வரிசை. அமுங்கு, அமுக்கு, அமுக்கம் என்று இன்னொன்று. பார்க்க இரட்டைப் பிள்ளைகள், குணம் வேறு. பொத்தானை அழுத்துகிறோம், முத்திரையை அழுத்துகிறோம். விசை பரப்பின்மேல் படுகிறது. முத்திரை ஒன்றும் சிறுத்துப்போவதில்லை. துணியைப் பெட்டிக்குள் அமுக்கும்போது துணி அடைக்கும் இடம் குறைகிறது. திருடனை அமுக்கினாலும் செய்தியை அமுக்கினாலும் ஒன்று ஒடுங்கிப்போகிறது.

இப்போது வாயுவுக்கு வருவோம். சாதாரணக் காற்றில் மூலக்கூறுகள் நொடிக்கு ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. கலத்தின் சுவரில் மோதித் திரும்பும் ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தள்ளு தள்ளிவிட்டுப் போகிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் நொடிக்கு 10இன் 23ஆம் அடுக்கு அளவில் மோதல்கள் விழுவதால், தனித்தனி அடி தெரியாமல் ஒரே சீரான தள்ளலாகத் தெரிகிறது. சுவிஸ் கணித அறிஞர் டேனியல் பெர்னூலி 1738இலேயே இப்படி விளக்கிவிட்டார். நூறாண்டுக்கு மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

மூடிய தகரக் கலம் ஒன்றை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 327 டிகிரிக்குச் சூடாக்குங்கள். மைனஸ் 273 டிகிரி செல்சியஸைச் சுழியாக வைத்து எண்ணும் கெல்வின் அளவில் இது 300லிருந்து 600, சரியாக இரு மடங்கு. மூலக்கூறுகளின் வேகம் சுமார் 1.4 மடங்காகும். அடி 1.4 மடங்கு பலமாக விழும், 1.4 மடங்கு அடிக்கடியும் விழும். இரண்டையும் பெருக்கினால் இரண்டு. கலத்தின் கொள்ளளவு மாறவில்லை, உள்ளே எதுவும் அமுங்கவில்லை, ஆனாலும் பிரஷர் இரட்டித்துவிட்டது. இதற்குப் போய் அமுக்கம் என்று பெயர் வைத்தால் பிள்ளை என்ன செய்யும்?

ஊசி போடும் சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை உள்ளே தள்ளிப் பாருங்கள். நீங்கள் காற்றுக்குச் செய்வது அமுக்குதல். காற்று உங்கள் கட்டைவிரலுக்குத் திருப்பிக் கொடுப்பது அழுத்தம். இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

இலங்கைப் பாடநூல்களில் அமுக்கம்தானே என்று சண்டைக்கு வருவார்கள். உண்மைதான். 'தாழமுக்கம்' என்ற சொல்லின் கச்சிதத்தைப் பார்த்தால், நம் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' மூச்சு வாங்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே சுருங்குவதைச் சொல்ல 'நெருக்கல்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள், கணக்கு நேராகிவிடுகிறது. என் கோபம் அவர்கள்மேல் இல்லை. ஒரு பத்தியில் அழுத்தம், அடுத்த பத்தியில் அமுக்கம் என்று இணைய அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள்மேல்தான். கூத்தைப் பாருங்கள்: உண்மையிலேயே அமுக்கி அடைத்த சி.என்.ஜி.க்கு இவர்கள் வைத்த பெயர் 'அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு'!

அதே காணொளியில் வெப்பத்தையும் வெப்பநிலையையும் ஒன்றாக்கியிருந்தார்கள். தீக்குச்சிச் சுடரின் வெப்பநிலை, ஒரு தொட்டி வெதுவெதுப்பான நீரின் வெப்பநிலையைவிடப் பல மடங்கு அதிகம்; ஆனால் அந்தச் சுடரால் தொட்டி நீரை அரை டிகிரிகூடச் சூடேற்ற முடியாது. வெப்பநிலை என்று சொல்ல ஒரே ஒரு எழுத்துதான் கூடுதல். அதற்கும் சோம்பல்.