பூசாக் கட்டடமா, மிருகக் கட்டடமா?

கட்டடக்கலைஞர்கள் லெ கொர்புசியேயையும் லூயி கானையும் ஒப்பிடும் ஆவணப்படம் ஒன்றைத் தமிழ்க் குரலில் பார்த்தேன். 'புருட்டலிசம்' என்ற கட்டடப் பாணிக்கு மொழிபெயர்ப்பாக 'மிருகத்தனக் கட்டடக்கலை' ஏழெட்டு முறை வந்தது. கடைசியில் கானே 'மிருகத்தனவாதி' ஆகிவிட்டார். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

புருட்டலிசத்தின் வேர்க்கதை சின்னதுதான். லத்தீனில் 'புரூட்டுஸ்' என்றால் கனத்தது, மந்தமானது. ஆங்கிலத்தில் அது மிருகமானது. பிரெஞ்சில் 'ப்ருட்' என்று மேல்வேலை செய்யாததைக் குறித்தது. 'பெத்தோன் ப்ருட்' என்றால் வார்த்தபடியே விட்ட கான்கிரீட். 1952இல் மார்சேயில் முடிந்த குடியிருப்பில் கொர்புசியே செய்தது அதுதான். பெயரைப் பரப்பியவர்கள் இங்கிலாந்தின் கட்டடக்கலைஞர்களான ஸ்மித்சன் தம்பதி. இதில் மிருகம் எங்கே வந்தது? பிரெஞ்சுக்காரர்கள் கச்சா எண்ணெயையும் 'பெத்ரோல் ப்ருட்' என்கிறார்கள். நல்லவேளை, அது இந்த மொழிபெயர்ப்பாளர் கையில் சிக்கவில்லை.

சரி, 'முரட்டுக் கட்டடக்கலை' என்கிறார்களே, அது? கொர்புசியேவுக்கு ஓரளவு ஒட்டும். மார்சேயில் சென்ட்ரிங் பலகையின் மரவரியும் இணைப்புகளின் பிசகும் சுவரில் அப்படியே நிற்கின்றன. அவர் மறைக்கச் சொல்லவில்லை. பாரிஸின் நடுப்பகுதியை இடித்துவிட்டுக் கோபுரங்கள் நடலாம் என்று 1925இல் திட்டம் காட்டிய ஆளையும் முரடர் என்றால் சண்டைக்கு வரமாட்டேன்.

கான் வேறு மாதிரி. எஸ்தோனியாவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்த ஏழை வீட்டுப் பிள்ளை. ஐம்பதை எட்டும்போதுதான் பெயர் வந்தது. அவர் அமெரிக்காவில் கட்டிய சால்க் ஆய்வகத்தில் பலகையை இறுக்கிய கம்பிகளின் துளைகள் கூட அளந்து வைத்தவை. அவற்றை ஈயத்தால் அடைத்தார். டாக்கா நாடாளுமன்றத்தில் 5 அடிக்கு ஒருமுறை வார்ப்பு நிற்கும். அந்த இணைப்பில் வெண்பளிங்குப் பட்டை ஓடும். நகைவேலை போன்ற இதை முரடு என்றால், சொன்னவர் சுவரைப் பார்த்ததே இல்லை. இருவருக்கும் பொது, கட்டியதன் மேல் எதையும் பூசி மறைக்காதது. முரட்டுத்தனம் கொர்புசியேவின் குணம், பாணியின் இலக்கணம் இல்லை.

'கச்சா' என்று பெயர் வைக்கலாமா என்றால், அது இனிமேல்தான் சுத்திகரிக்க வேண்டியது. 'பச்சைக் கான்கிரீட்' இன்னும் இறுகாதது. போதாக்குறைக்குச் சுற்றுச்சூழல்காரர்கள் வேறு, சூழலுக்குக் கேடு குறைந்த கான்கிரீட்டுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். அப்புறம், கான்கிரீட் என்ற சொல்லே பெயரில் இருக்கக் கூடாது. ஸ்மித்சன்களின் ஹன்ஸ்டன்டன் பள்ளி எஃகும் செங்கல்லும். கானின் அகமதாபாத் மேலாண்மைக் கழகமும் செங்கல்தான்.

என் சொல் 'பூசாக் கட்டடக்கலை'. செல்லாக் காசு, வாடா மல்லி போல எதிர்மறைப் பெயரெச்சம். 'பூச்சு வேலை இல்லை' என்று கொத்தனாரிடம் சொன்னால் போதும், அவருக்கு விளங்கிவிடும். தூய தமிழுக்காக அடம்பிடிக்கவில்லை; 'புருட்டலிசம்' என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம். படிப்பவருக்கு அதன் பொருள் தெரியாது, அவ்வளவுதான். மிருகத்தனமோ தப்பான பொருளைத் தருகிறது.

ஒரே சிக்கல், ஆளைச் சொல்லும்போது 'பூசாக் கட்டடக்கலைஞர்' என்றால் திருநீறு பூசாதவரோ என்று தோன்றும். அங்கே மட்டும் 'பூசாக் கட்டடங்களைக் கட்டியவர்' என்று நீட்டி எழுதுகிறேன்.