அது கொடுக்கு இல்லை, விட்டுவிடுங்கள்

மறுபடியும் அதே மாதிரி ஒரு படம். காட்டை ஒட்டிய வீடு, ஜன்னல் விளிம்பில் மருந்தடித்துக் கொன்ற இரண்டு பூச்சிகள், கூடவே ஒரு கேள்வி: "இதில் எது அதிக ஆபத்து?" பூச்சிகளை அடையாளம் சொல்வது என் வேலை. கொன்றுவிட்டுக் கேட்டால் என்ன சொல்ல? இரண்டுமே ஆபத்தில்லை.

முதலாவது காட்டுக் கரப்பான். உலகில் 4,500-க்கும் மேற்பட்ட கரப்பான் இனங்கள் உண்டு. மனிதர் வீட்டோடு ஒட்டிக்கொண்டவை சுமார் 30 தான். மற்றவை சருகுக்கும் மரப்பட்டைக்கும் அடியில் மட்கியதைத் தின்று பிழைப்பவை. சமையலறைக் கரப்பான் விளக்கைப் போட்டதும் ஓடி ஒளியும். காட்டுக் கரப்பானில் பல இனங்களின் ஆண்கள் விளக்கைத் தேடிப் பறந்து வரும். வீட்டுக்குள் ஈரம் போதாமல் தானே செத்துப்போகும்.

இரண்டாவது ஒரு ஒட்டுண்ணிக் குளவி, அதுதான் எனக்குத் தலைவலி. ஒடுங்கிய இடுப்பு, பின்னால் உடம்பு நீளத்துக்கு ஒரு வால். உடனே "எவ்வளவு பெரிய கொடுக்கு!" என்று அலறல். அது முட்டையிடும் குழல். கூட்டமாக வாழும் குளவிகளில் அந்தக் குழல்தான் கொடுக்காக மாறியிருக்கிறது. ஆண் குளவி கொட்டாததற்குக் காரணமும் அதுதான். ரிஸ்ஸா மாதிரி ஒட்டுண்ணிக் குளவிகளிடம் அது இன்னும் பழைய வேலையைத்தான் செய்கிறது. மீசையால் மரத்தைத் தட்டித் தடவி, உள்ளே புழு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். பிறகு வயிற்றைத் தூக்கி, மயிரிழை போன்ற குழலைக் கட்டைக்குள் இறக்கி, புழுவின் மேல் முட்டை வைக்கும். வால் அத்தனை நீளம் என்றால், புழு அத்தனை ஆழத்தில் இருக்கிறது. உங்கள் கைக்காக வளர்த்த வால் இல்லை அது.

சரி, கரப்பான் மேல் அவ்வளவு கோபம் என்றால் எவேனியாவை ஏன் அடிக்கிறீர்கள்? வயிற்றைக் கொடி மாதிரி மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு திரியும் சின்னக் கருப்புக் குளவி. வீட்டுக் கரப்பானின் முட்டைப் பையில் ஒரே ஒரு முட்டை வைக்கும். பொரிந்து வரும் புழு பையில் உள்ள மொத்த முட்டையையும் காலி செய்துவிடும். அதையும் மருந்தடித்துக் கொன்றுவிட்டுப் படம் அனுப்புகிறார்கள்.

இரவில் வெளி விளக்கை அணையுங்கள். ஜன்னலுக்கு வலை போடுங்கள். விறகை வீட்டுக்குள் அடுக்காதீர்கள், காட்டுக் கரப்பானும் வால் குளவியும் அதோடும் வரும். உள்ளே வந்துவிட்டால் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி வெளியே விடுங்கள். வெறுங்கையால் பிடிக்க வேண்டாம்; விளக்குக்கு வரும் பழுப்புக் குளவிகளில் சில, பிடித்தால் குத்தும். சமையலறையில் கரப்பான் குஞ்சுகளும் முட்டைப் பைகளும் தென்பட்டால் அது வேறு கதை, அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து படத்தை மருந்தடிக்கும் முன்னால் அனுப்புங்கள்.