மணல் மட்டும் ஏன் குதிக்கிறது?

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள உப்புவெளியில் விடியற்காலை கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு மணலில் ஊர்ந்து வருவதை நண்டின் உயரத்திலிருந்து எடுக்க ஆசைப்பட்டு, வீடியோ ஆடாமல் இருக்க வீட்டில் செய்த ஸ்டெபிலைசரில் போனை மாட்டிக்கொண்டு குனிந்தபடியே நடந்தேன். "தம்பி, என்ன காசு துலைஞ்சு போச்சோ?" என்று ஒரு ஐயா கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு வேடிக்கை: தூரத்துத் தொடுவானம் ஆணி அடித்தமாதிரி நிற்கிறது, முன்னால் கிடக்கும் மணல் மட்டும் தாச்சியில் போட்ட கடுகாகக் குதிக்கிறது.

ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கமரா திரும்புவது அல்லது சாய்வது. மற்றது, திரும்பாமல் அப்படியே மேலும் கீழும் நகர்வது. 1920 புள்ளி (பிக்சல்) அகலமும் ஏறக்குறைய 60 பாகை பார்வைக் கோணமும் உள்ள வீடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கமரா 1 பாகை திரும்பினால், கிட்ட இருப்பதும் தூர இருப்பதும் ஒன்றாகச் சுமார் 30 புள்ளி இடம் மாறும். ஆனால் 1 சென்ரிமீற்றர் நகர்ந்தால், 10 மீற்றர் தள்ளி நிற்கும் வள்ளம் 2 புள்ளிகூட அசையாது, 30 சென்ரிமீற்றரில் கிடக்கும் சிப்பியோ 55 புள்ளி தாவிவிடும். நெஞ்சு உயரத்தில் எடுக்கும்போது கிட்டத்தில் ஒன்றும் இல்லாததால் தப்பித்துக்கொள்கிறோம், நிலத்தோடு ஒட்டி எடுத்தால் மாட்டிக்கொள்கிறோம்.

என் கருவி திரும்புவதை மட்டும்தான் அடக்கியது. அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை: ஒரு பிவிசி குழாய், ஒரு முனையில் போன், மறுமுனையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள், இடையில் எந்தப் பக்கமும் தாராளமாகச் சுழலும் மூட்டோடு ஒரு கைப்பிடி. அதே பாரத்தை மூட்டிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி வைத்தால், அது திரும்ப மறுக்கும் பிடிவாதம் நான்கு மடங்காகும், அதனால் பாரத்தைக் கூட்டுவதைவிடக் குழாயை நீட்டுவதுதான் லாபம். 1970களில் அமெரிக்கர் கரெட் பிரவுன் சினிமாக் கமராவை ஆடாமல் தாங்கும் ஸ்டெடிகாமைச் செய்தபோது இதைத்தான் பயன்படுத்தினார். ஆனால் அதில் மேல் கீழ் ஆட்டத்தை விழுங்க ஸ்பிரிங் வைத்த ஒரு கையும் உண்டு. என்னிடம் இல்லாதது அதுதான்.

தாழ்வாக எடுக்க, குழாயைத் தலைகீழாக்கிப் போனைக் கீழே கொண்டுவர வேண்டும், படத்தைப் பிறகு எடிட்டிங்கில் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் சும்மா திருப்பினால் ஈயப்பக்கம் குடைசாய்ந்து கீழே வந்துவிடும். போன் பக்கம் சற்றே கனமாகும்வரை குண்டுகளைக் கழற்றுங்கள். அப்புறம் குழாயைக் கிடையாகப் பிடித்து விடுங்கள், போன் முனை கீழே வர 2, 3 செக்கன் எடுத்தால் சரி. சட்டென்று விழுந்தால், நீங்கள் நடக்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் அது ஊஞ்சலாடும். கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கும் மாதங்களில் இவ்வளவு நுணுக்கமான சமநிலை கடற்கரையில் நிற்காது, கொஞ்சம் கூடுதல் பாரம் வைக்கத்தான் வேண்டும்.

சரி, மேல் கீழ் ஆட்டத்துக்கு என்ன வழி? முழங்காலை மடித்துக் கோழி பிடிக்கப் போகிறமாதிரி நடக்கலாம், திருகோணமலைக் கோட்டைப் பக்கம் மேயும் புள்ளிமான்களை எடுக்க அந்த ஒரு வழிதான். கரைவலைக்கு வேறு வழி கிடைத்தது. 2 மீற்றர் பலகையின் ஒரு முனையை நானும் மறுமுனையை மச்சானும் பிடித்து அருகருகே நடந்தோம், நடுவிலிருந்து ஒரு குழாயில் போன் மணலுக்கு மேல் தொங்கியது, குனிய வேண்டிய வேலையே இல்லை. ஒரு முனை 1 சென்ரிமீற்றர் எழும்பினால் நடுப்பகுதி அதில் பாதிதான் எழும்பும், சாய்வு 0.3 பாகைக்கும் குறைவு. ஒருவர் காலை ஊன்றும்போது மற்றவர் அடியின் நடுவில் இருந்தால் இன்னும் நல்லது, ஒருவர் ஏற மற்றவர் இறங்க, நடுவில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அணிவகுப்பு மாதிரி ஒரே தாளத்தில் மட்டும் நடந்துவிடாதீர்கள்.

பலகை மெல்லியதென்றால் நடுவில் தானாகவே துள்ளும். என் முதல் பலகை அப்படித்தான் துள்ளியது, பிறகு கதவு நிலை செய்து மிஞ்சிய தடித்த மரத்தைத்தான் எடுத்துக்கொண்டு போனோம்.