‘சமூக விலகல்’ ஏன் சரியில்லை?

2020 மார்ச்சில், கொரோனா பரவியபோது, ஒருவருக்கொருவர் தள்ளி நிற்கச் சொல்லும் ‘சோஷியல் டிஸ்டன்சிங்’ நம் செய்திகளுக்குள் நுழைந்தபோது, அவசரத்தில் பலரும் அதைச் ‘சமூக விலகல்’ என்று எழுதினார்கள். அகராதிப்படி தப்பு சொல்ல முடியாது. ஆனால் தமிழில் விலக்குவது என்றால் சும்மா தள்ளி நிற்பது மட்டுமல்ல. ஒரு குடும்பத்தோடு பேச்சுவார்த்தை கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது என்று ஊரே கூடித் தீர்மானிப்பதற்கு ஊர்விலக்கு என்று பெயர். சாதிவிலக்கும் அப்படித்தான். அந்த நினைவு இன்னும் ஆறாத மக்களிடம் போய் ‘சமூக விலகலைக் கடைப்பிடியுங்கள்’ என்றால், நோயாளியின் வீட்டை ஒதுக்கி வைக்கச் சொல்வதாகத்தானே படும்?

இதில் கவனிக்க வேண்டியது, ஆங்கிலச் சொல்லின் பிறப்பிலேயே இந்த விலக்கு இருந்தது. ‘சோஷியல் டிஸ்டன்ஸ்’ மருத்துவர்களின் சொல் அல்ல, சமூகவியலாளர்களின் சொல். அமெரிக்காவின் எமரி போகார்டஸ் 1920களில் இதற்கு ஓர் அளவுகோலே செய்தார். இன்ன இனத்தவரை மண உறவாக ஏற்பீர்களா, நண்பராக ஏற்பீர்களா, பக்கத்து வீட்டில் குடியிருக்க விடுவீர்களா, உடன் வேலை செய்ய விடுவீர்களா என்று படிப்படியாக இறங்கும் கேள்விகள். நாட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்பது கடைசிப் படி. நம் ஊர்த் தெருக்களின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தொற்றுக் காலத்தில் கூட்டம் தவிர்க்கும் வழக்கம் பழையது. 1918 இன்ஃபுளூயன்சாவின்போது செயின்ட் லூயிஸ் நகரம் பள்ளிகள், திரையரங்குகள், தேவாலயங்களை மூடியது. அப்போது இந்தப் பெயர் கிடையாது. 2000க்குப் பிறகுதான், சார்ஸ் என்ற சுவாசத் தொற்று, பறவைக் காய்ச்சல் ஆகியவற்றின் பயத்தில் எழுதப்பட்ட திட்டங்களின் வழியே அது பொதுச் சுகாதாரத்தில் பரவலானது.

உலக சுகாதார நிறுவனமே சிக்கலை உணர்ந்தது. உடலால் தள்ளியிருங்கள், உறவை விட்டுவிடாதீர்கள் என்பதே நோக்கம் என்பதால், ‘பிசிக்கல் டிஸ்டன்சிங்’ என்று சொல்லப்போவதாக 2020 மார்ச் 20 அன்று அந்நிறுவனத்தின் தொற்றுநோய் நிபுணர் மரியா வான் கெர்கோவ் அறிவித்தார். அப்போது கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயனும் உடல் இடைவெளி, சமூக ஒற்றுமை என்ற பொருளில் முழக்கம் வைத்தார். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

தமிழில் அப்புறம் ‘சமூக இடைவெளி’ வந்தது. ‘விலகல்’ போனதில் நிம்மதிதான். ஆனாலும் ‘சமூக’ ஒட்டிக்கொண்டே இருந்தது. ‘சமூக இடைவெளியைக் குறைப்போம்’ என்று காலமெல்லாம் மேடையில் பேசிவிட்டு, அதையே கடைப்பிடிக்கச் சொல்வது எப்படிப் பொருந்தும்? ‘தனிநபர் இடைவெளி’ இந்தக் குழப்பத்தைத் தராது. அறிக்கைக்கும் பாடநூலுக்கும் அதுவே என் தேர்வு. ‘உடல் இடைவெளி’யும் சரிதான்.

அறிவிப்புப் பலகைக்கு இந்தக் கலைச்சொல்லே வேண்டாம். ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களைப் பார்த்து, யாரும் விளக்காமலே மக்கள் அதற்குள் போய் நின்றார்கள். அம்மை கண்ட வீட்டு நிலைப்படியில் செருகிய வேப்பிலையும் அதே வேலையைத்தான் செய்தது. பலகையில் ‘ஆறடி தள்ளி நில்லுங்கள்’ என்று எழுதினால் போதும்.