அரை டம்ளர் பழங்காற்று

"ஐரோப்பியர்கள் அமெரிக்காவில் போய் இறங்கியதால் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு அண்டார்டிகா பனியில் பதிவாகியிருக்கிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நிஜமா சார், இல்லை கதை விடுகிறார்களா?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்.

கதை இல்லை. ஆனால் வீடியோவில் சொல்கிற அளவுக்கு நிச்சயமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சுவாரசியம்.

முதலில் வரலாறு. 1492-இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளுக்கு வந்தபோது இரு அமெரிக்கக் கண்டங்களிலும் சேர்த்துச் சுமார் 6 கோடிப் பேர் வாழ்ந்திருக்கலாம் என்பது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட மதிப்பீடு. நாலரைக் கோடியாகவும் இருக்கலாம், ஏழே முக்கால் கோடியாகவும் இருக்கலாம் என்று அவர்களே இடம் விட்டிருக்கிறார்கள். 1600-க்குள் இவர்களில் சுமார் 5.6 கோடிப் பேர் இல்லாமல் போனார்கள். பத்தில் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மை, தட்டம்மை, இன்ஃப்ளுயன்சா எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. 1520-இல் ஆஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானில் பெரியம்மை பரவியபோது, பட்டத்துக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத மன்னர் குயிட்லாவாக்கும் அதில் இறந்தார். 'எல்லாம் கிருமி செய்த வேலை, மனிதர்கள் என்ன செய்வார்கள்' என்று சிலர் இதைச் சொல்லும் விதம் எனக்குப் பிடிப்பதில்லை. இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆண்டிஸ் மலைக் கிராமங்களின் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கை முறை வைத்துப் பிடித்துக்கொண்டு போனது கிருமி இல்லை. விதைக்க ஆள் இல்லாத ஊரில் பஞ்சம் வரும், பஞ்சத்தில் இருப்பவனைக் காய்ச்சல் சுலபமாகக் கொண்டுபோகும். இதில் கடவுளையும் இழுத்தார்கள். மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த ஜான் வின்த்ராப், பூர்வகுடிகள் அநேகமாக எல்லோரும் அம்மையில் இறந்துவிட்டார்கள், ஆண்டவனே நம் நிலத்துக்கு வில்லங்கம் தீர்த்துக் கொடுத்துவிட்டான் என்ற பொருளில் 1634-இல் ஒரு கடிதம் எழுதினார். மூடநம்பிக்கை என்றால் நமக்குப் பூனை குறுக்கே போவதுதான் ஞாபகத்துக்கு வரும். இப்படிப் பட்டா வாங்கித் தருகிற மூடநம்பிக்கையும் உண்டு.

சரி, நிலத்துக்கு வருவோம். அந்த மக்களுக்கு வயல் இருந்தது, தோப்பு இருந்தது, மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய கழனி இருந்தது. மேலே சொன்ன ஆய்வின்படி தலைக்குச் சராசரியாக ஒரு ஹெக்டேர், நம் கணக்கில் இரண்டரை ஏக்கர். உழுதவர்கள் போய்ச் சேர்ந்ததும் சுமார் 5.6 கோடி ஹெக்டேர் தரிசானது. வெப்பமண்டலத்தில் நிலம் சும்மா கிடக்காது. முதலில் புல், அப்புறம் புதர், இருபது வருஷத்தில் மரம். மரம் ஒளிச்சேர்க்கை செய்து காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்து உடம்பாக்கிக்கொள்ளும் என்பது பள்ளிப் பாடம். இப்படிப் புதுக்காடு இழுத்துக்கொண்ட கார்பன் 740 கோடி டன் என்று கணக்குப் போட்டார்கள். சுமார் 210 கோடி டன் கார்பனை எடுத்தால்தான் காற்றில் கரியமில வாயு ஒரு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, குறையும். ஆக இது மூன்றரை பிபிஎம்.

இவ்வளவும் காகிதக் கணக்கு. 1600-இல் காற்றை அளந்து எழுதிவைத்த ஆள் யாரும் கிடையாது. ஆனால் அந்தக் காற்றே இருக்கிறது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

அண்டார்டிகாவில் விழும் பனி அநேகமாக உருகுவதில்லை. இந்த வருஷத்துப் பனிமேல் அடுத்த வருஷத்துப் பனி உட்காரும். மேலே இருப்பது பொலபொலவென்று இருக்கும். ஒரு லிட்டர் பாத்திரத்தில் அள்ளினால் 350 கிராம்தான் தேறும், மீதி இடமெல்லாம் காற்று. மேலே பாரம் ஏற ஏறக் கீழே இருப்பது இறுகும். புட்டுக்குழலில் மாவு அடைத்திருக்கிறீர்களா? பதமாக அடைத்தால் மாவுத் துகள்களுக்கு நடுவே ஆவி மேலேறும். அமுக்கி அடைத்துவிட்டால் வழி அடைபட்டு ஆவி கீழேயே நின்றுவிடும். பனியிலும் இதேதான். கொஞ்ச ஆழம் வரை துகள்களுக்கு நடுவே சந்து இருக்கிறது, மேலே இருக்கும் காற்று மெல்ல மெல்லக் கீழே வந்துபோகிறது. இந்த இறுகியும் இறுகாத பனிக்கு ஃபிர்ன் என்று பெயர். லிட்டருக்கு 830 கிராம் என்ற அளவுக்கு இறுகும்போது சந்துகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு குமிழிகளாகின்றன. லா டோம் என்ற கிழக்கு அண்டார்டிகா மேட்டில் இது சுமார் 70 மீட்டர் ஆழத்தில் நடக்கிறது. மூடிய பிறகு உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியுலகத்தோடு தொடர்பில்லை. அன்றைய தேதியோடு சீல் வைத்தாயிற்று.

எந்தத் தேதி என்பதில்தான் ஒரு வேடிக்கை. குமிழி மூடும்போது சுற்றியிருக்கும் பனி எப்போதோ விழுந்த பழைய பனி. உள்ளே இருக்கும் காற்றோ நேற்று வரை மேலிருந்து வந்துபோன காற்று. அதனால் ஒரே கட்டியில் பனிக்கு ஒரு வயது, காற்றுக்கு அதைவிடக் குறைந்த வயது. லா டோமில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டும், சீக்கிரம் இறுகிவிடும். அங்கே இந்த வித்தியாசம் சில பத்து வருஷம். வோஸ்டாக் போன்ற உள்பகுதியில் வருஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் சேரும். அங்கே வித்தியாசம் சில ஆயிரம் வருஷம். 1500-க்கும் 1600-க்கும் வித்தியாசம் பார்க்க வேண்டியவர்கள் வோஸ்டாக்கை விட்டுவிட்டு லா டோமுக்குப் போனது அதனால்தான். இங்கேயும் எல்லாக் குமிழியும் ஒரே நாளில் மூடுவதில்லை. ஒரு துண்டுப் பனியில் இருப்பது பல வருஷத்துக் காற்றின் கலவை.

சரி, உள்ளே இருக்கும் காற்றை எப்படி வெளியே எடுப்பது? உருக்கினால் ஆயிற்று என்று தோன்றும். கூடாது. தண்ணீரானால் கரியமில வாயு அதில் கரையும். அதோடு பனியிலுள்ள சுண்ணாம்புத் தூசியும் அமிலமும் சேர்ந்து புதிதாகக் கரியமில வாயுவை உண்டாக்கிவிடும். ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ-வின் ஆய்வாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த கருவியைப் பார்த்தால் நம் அடுக்களையிலிருந்து திருடினார்களோ என்று சந்தேகம் வரும். சுவரெல்லாம் துருவல் பற்கள் வைத்த ஓர் உருளை. பனித்துண்டை அதற்குள் போட்டு, ஒரு மூடிய பாத்திரத்தில் வைத்து, இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, குளிரிலேயே ஆட்டுவார்கள். தேங்காய் துருவுவதுபோல் பனி தூள்தூளாகும், குமிழிகள் உடைந்து பழங்காற்று வெளியே வரும்.

ஒரு கிலோ பனியில் கிடைப்பது சுமார் 100 மில்லி காற்று. அரை டம்ளர். அதில் கரியமில வாயு மட்டும் 0.03 மில்லிக்கும் குறைவு, ஏறக்குறைய ஒரு சொட்டில் பாதி. இவ்வளவு பெரிய வாதம் அந்தப் பாதிச் சொட்டில் நாற்பதில் ஒரு பங்கு கூடியதா குறைந்ததா என்பதைப் பற்றியது.

இந்தக் குமிழிகளில் பழைய காற்றின் கணக்கு இருக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது விஸ்கி டம்ளரில். 1965-இல் அண்டார்டிகாவில் குளிர்காலத்தைக் கழித்த பிரெஞ்சு விஞ்ஞானி குளோட் லோரியஸ், ஒரு மாலை தோண்டியெடுத்த பனியில் ஒரு துண்டை டம்ளரில் போட்டார். உருக உருகக் குமிழிகள் வெடித்து மேலே வந்தன. பாரத்தில் அழுந்தியிருந்த காற்று அது. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் ஐஸ் கட்டியின் நடுவில் வெள்ளையாகத் தெரிவதும் காற்றுதான், ஆனால் அது குழாய்த் தண்ணீரில் கரைந்திருந்த காற்று. அதில் வரலாறு எதுவும் இல்லை.

லா டோம் என்ன சொன்னது? 280 பிபிஎம்மை ஒட்டி இருந்த கரியமில வாயு 1500-களின் பிற்பகுதியில் சரிந்து, 1610 வாக்கில் 272-ஐத் தொட்டது. ஏழு முதல் பத்து பிபிஎம் சரிவு. மூன்றரையோடு வேறு சில விளைவுகளையும் சேர்த்தால் ஐந்து வரும், அதாவது சரிவில் ஏறக்குறைய பாதிக்கு அமெரிக்கத் துயரம் காரணம் என்பது 2019 ஆய்வின் முடிவு. கார்பனின் இரு ஐசோடோப்புகளின், அதாவது எடை மட்டும் மாறும் இரு வகைகளின், விகிதமும் இந்தக் கார்பன் கடலுக்குள் போகவில்லை, நிலத்துக்குப் போயிருக்கிறது என்றே காட்டுகிறது. கார்பன்-12, கார்பன்-13 இரண்டில் செடிகள் 12-ஐத்தான் விரும்பி எடுக்கும், அந்தத் தடம் காற்றில் தங்கிவிடும்.

வீடியோ இங்கே முடிந்திருக்கும். நான் முடிக்க முடியாது, ஏனென்றால் எதிர்க்கட்சி பலமாக இருக்கிறது.

கார்போனைல் சல்ஃபைடு என்று ஒரு வாயு. செடி கரியமில வாயுவோடு சேர்த்து இதையும் உள்ளே இழுக்கும், ஆனால் கரியமில வாயுவைப்போல் மூச்சில் திருப்பி விடாது. புதுக்காடு முளைத்து ஒளிச்சேர்க்கை கூடியிருந்தால் காற்றில் இது குறைந்திருக்க வேண்டும். 2016-இல் ஓர் ஆய்வு அந்தக் காலத்துப் பனியில் பார்த்தபோது கூடியிருந்தது! அது உலகம் கொஞ்சம் குளிர்ந்திருந்த காலம். குளிரில் செடிகள் மந்தமாகும், மண்ணில் இலைச்சருகு மக்குவதும் மந்தமாகும். மக்காத கார்பன் நிலத்திலேயே தங்கிவிட்டது, காடு முளைத்ததால் அல்ல என்பது அவர்கள் வாதம்.

அடுத்தது பிரிட்டிஷ்காரர்கள் அண்டார்டிகாவின் வேறொரு மூலையில், ஸ்கைட்ரெயின் என்ற இடத்தில், 651 மீட்டர் தோண்டியெடுத்த பனி. 2024-இல் அதன் முடிவு வந்தது. கரியமில வாயு குறைந்தது உண்மை, ஆனால் 1610-இல் அப்படியொரு செங்குத்துப் பள்ளம் இல்லை. 1516 முதல் 1670 வரை பத்து வருஷத்துக்கு அரை பிபிஎம் என்று நிதானமாக இறங்கியிருக்கிறது. நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் காடானது என்ற கதைக்கு இது பொருந்துகிறது, ஒரே தலைமுறையில் எல்லாம் கவிழ்ந்தது என்ற கதைக்குப் பொருந்தவில்லை. என்னைக் கேட்டால் ஸ்கைட்ரெயின் பக்கம்தான் சாய்வேன். 1610 என்ற வருஷத்தை வைத்து, மனிதனே பூமியை மாற்றுகிற மனிதயுகம் (ஆந்த்ரோபொசீன்) அப்போதுதான் தொடங்கியது என்று 2015-இல் இருவர் முன்வைத்த யோசனை அழகானது, அழகுக்காகவே பலர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மக்கள் இறந்தார்கள் என்பதற்குப் பனியின் சாட்சி தேவையே இல்லை. காற்று எவ்வளவு மாறியது என்பதில்தான் தகராறு.

இந்தத் தகராறு தீர இன்னும் பனி தோண்ட வேண்டும். அதற்குக் காசு கொடுக்கத்தான் எல்லா நாட்டிலும் கை நடுங்குகிறது. 'பனியைத் தோண்டி என்ன கிடைக்கப்போகிறது' என்ற கேள்வியை நம் ஊரிலும் கேட்டிருக்கிறேன். மைத்ரி, பாரதி என்று அண்டார்டிகாவில் நமக்கும் நிலையங்கள் இருக்கின்றன, கோவாவில் ஒரு துருவ ஆய்வு மையமும் இருக்கிறது. அங்கே பனி காத்திருக்கும், இமயமலைப் பனி காத்திருக்காது. கோடையில் மேலே உருகிய தண்ணீர் கீழே வடிந்தால் அடுக்கடுக்காக இருந்த கணக்கெல்லாம் கலங்கிவிடும். இதற்கு இப்போதே செலவு செய்யாமல் பிறகு செய்வதில் பிரயோஜனம் இல்லை.

அந்த மாணவிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தடயம் தேட அண்டார்டிகா வரை போக வேண்டியதில்லை. 1541-42-இல் ஒரெல்லானா என்ற ஸ்பானியப் படைத்தலைவரின் படகில் அமேசான் ஆற்றில் இறங்கிய கார்வகால் என்ற பாதிரியார், கரை நெடுக ஊர்களையும் ஜனக்கூட்டத்தையும் பார்த்ததாக எழுதினார். பின்னால் போனவர்கள் கண்ணில் காடுதான் பட்டது, அதனால் ஆள் புளுகர் என்று பெயர் வாங்கினார். அமேசானின் துணை ஆறான ஷிங்குவின் மேல்பகுதியில், பிரேசிலில், தொல்லியலாளர்கள் தோண்டியபோது மரங்களுக்கு அடியில் அகழிகள், நேர்கோட்டுச் சாலைகள், நடுவில் வட்டமான பொதுத்திடல் வைத்த பெரிய ஊர்கள் வெளிப்பட்டன. அங்கே இப்போதும் குய்குரோ மக்கள் இருக்கிறார்கள், இப்போதும் வட்டத்திடலைச் சுற்றித்தான் வீடு கட்டுகிறார்கள். அகழி எங்கே ஓடுகிறது என்று ஆய்வாளர்களுக்குக் காட்டியது அவர்கள்தான். 2003-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அவர்களுடைய தலைவர் அஃபுகாகா குய்குரோவின் பெயரும் இருக்கிறது.